தனுஷ்கோடியில் எஞ்சினுக்குத் தண்ணீர் எங்கே பிடித்தார்கள்?

கேள்வி: 3 ஜூன் 2025, மாலை 6.10

போன வாரம் தனுஷ்கோடி போய் வந்தோம். இடிந்த ஸ்டேஷன் பக்கம் நிற்கும் தூண்களைக் காட்டி, "இதுதான் ரயில் எஞ்சினுக்குத் தண்ணீர் பிடிக்கும் தொட்டி" என்றார் வேன்காரர். இந்தப் பக்கம் கடல், அந்தப் பக்கம் கடல், நடுவில் வெறும் மணல். நல்ல தண்ணீருக்கு எங்கே போவார்கள்? கடல் தண்ணீரையே பாயிலரில் விட்டிருப்பார்கள் என்று என் மாமா அடித்துப் பேசுகிறார். கப்பல் அப்படித்தான் ஓடியதாம். விஷயம் தெரிந்தவர்கள் சொல்லுங்கள் சார்.

3 ஜூன், இரவு 9.40

கடல் தண்ணீர் விட்டிருக்க முடியாது. ஆனால் மாமா சொன்னதை ஒரேயடியாகத் தள்ளிவிடவும் முடியாது. ஆரம்ப காலக் கப்பல் பாயிலர்கள் கடல் தண்ணீரில் ஓடியவைதான். அவற்றில் அழுத்தம் மிகக் குறைவு. உப்பு ஏற ஏற அடியில் இருக்கும் குழாயைத் திறந்து உப்புநீரைக் கடலிலேயே தள்ளிவிடுவார்கள். அழுத்தம் கூடிய பாயிலர் வந்ததும் அந்த வழக்கம் நின்றது. ஆவியைக் குளிரவைத்துத் திரும்பத் தண்ணீராக்கி அதையே பாயிலருக்கு அனுப்ப ஆரம்பித்தார்கள். ரயில் எஞ்சினில் அந்த வசதி கிடையாது. சிலிண்டரில் வேலை முடித்த ஆவி புகைபோக்கி வழியாக வானத்துக்குப் போய்விடும். நெருப்பை இழுத்து எரியவைப்பதே அந்த ஆவிதான். ஆகவே போன தண்ணீர் போனதுதான், அதில் இருந்த உப்பு முழுக்க பாயிலருக்குள்ளேயே தங்கும்.

கணக்குப் போட்டுப் பாருங்கள். தெற்கே மீட்டர் கேஜில் (ஒரு மீட்டர் அகலப் பாதையில்) நீண்ட காலம் ஓடிய ஒய்.பி. வகை எஞ்சினின் டெண்டரில், அதாவது பின்னால் கோத்த தண்ணீர், கரி வண்டியில், 13,600 லிட்டர் தண்ணீர் பிடிக்கும். கடல் தண்ணீரில் லிட்டருக்குச் சுமார் 35 கிராம் உப்பு. ஒரு டெண்டர் தண்ணீர் ஆவியானால் பாயிலருக்குள் தங்கும் உப்பு 476 கிலோ. ஒரே ஒரு முறை தண்ணீர் பிடித்ததற்கு இத்தனை.

3 ஜூன், இரவு 10.15

பாயிலர் வெடிக்குமா என்று கேட்கிறார்கள். அதற்கு வெகு முன்னாலேயே வேறு கோளாறு வரும். உப்பு ஏறிய தண்ணீர், சோறு பொங்குவது மாதிரி நுரைத்துப் பொங்கும். ஆவியைச் சிலிண்டருக்கு விடும் ரெகுலேட்டரைத் திறந்ததும் ஆவியோடு தண்ணீரும் சேர்ந்து சிலிண்டருக்குள் போகும். ஷெட்டில் இதற்குப் பெயர் பிரைமிங். ஆவியை அமுக்கலாம், தண்ணீரை அமுக்க முடியாது. பிஸ்டன் வந்து அந்தத் தண்ணீரில் முட்டினால் சிலிண்டர் மூடி விரியும், இல்லையென்றால் பிஸ்டன் தண்டு வளையும். புகைபோக்கியிலிருந்து வெள்ளை வெள்ளையாகத் தண்ணீர் தெறித்தால் டிரைவர் உடனே சிலிண்டர் காக்குகளை (தண்ணீரை வடிக்கும் திருகுகளை) திறந்துவிட்டு ரெகுலேட்டரைக் குறைப்பது இதனால்தான்.

4 ஜூன், காலை 7.05

நேற்று ஒன்றை விட்டுவிட்டேன். கடல் தண்ணீரில் சாப்பாட்டு உப்பு மட்டும் இல்லை, மக்னீசியம் குளோரைடும் இருக்கிறது. ஒய்.பி. பாயிலரின் அழுத்தம் சதுர அங்குலத்துக்கு 210 பவுண்டு. அந்த அழுத்தத்தில் தண்ணீரின் வெப்பம் சுமார் 200 டிகிரி. அந்தச் சூட்டில் மக்னீசியம் குளோரைடு சிதைந்து ஹைட்ரோகுளோரிக் அமிலம் உண்டாகும். பாயிலர் தகட்டை உள்ளிருந்தே புள்ளி புள்ளியாக அது தின்னும். வெளியே பார்த்தால் ஒன்றும் தெரியாது. வாஷ் அவுட் செய்யும்போது, அதாவது பாயிலரைக் காலி செய்து கழுவும்போது, கைத்துளை வழியாக விளக்குப் போட்டுப் பார்த்தால் அம்மைத் தழும்பு மாதிரிக் குழிகள் தெரியும்.

தண்ணீரிலுள்ள சுண்ணாம்பு பாறை மாதிரிப் படிவது தனிக் கதை. குழாயின் மேல் பாறை படிந்தால் நெருப்பின் சூடு தண்ணீருக்குப் போகாது. குழாயே சூடேறி, குழாய்த் தகட்டோடு சேரும் இடத்தில் கசிய ஆரம்பிக்கும். கசிவு நெருப்பில் விழும், நெருப்பு மங்கும், ஆவி இறங்கும். "எஞ்சினுக்கு மூச்சு வாங்குது" என்று சொல்வதற்குப் பாதி நேரம் காரணம் கெட்ட தண்ணீர்தான்.

4 ஜூன், இரவு 8.30

இப்போது உண்மையான கேள்விக்கு வருகிறேன். அந்த மணலில் நல்ல தண்ணீர் இருக்கிறது. தனுஷ்கோடி மீனவர்கள் இன்றைக்கும் கரையிலிருந்து சற்றுத் தள்ளி மணலைக் கையால் தோண்டி ஊற்றெடுத்துக் குடிக்கிறார்கள். கொட்டாங்கச்சியால் மெதுவாக மொண்டு குடத்தில் ஊற்றுவார்கள். அள்ள அள்ளச் சுரக்கும், தித்திப்பாகவும் இருக்கும்.

காரணம் எளிது. மழைநீர் மணலில் இறங்கி உப்புநீரின் மேல் மிதக்கிறது. நல்ல தண்ணீரை 1 என்று வைத்தால் கடல் தண்ணீரின் அடர்த்தி 1.025. கடல் மட்டத்துக்கு மேலே 1 செ.மீ. நல்ல தண்ணீர் நின்றால் கீழே 40 செ.மீ. ஆழம் வரை அது உப்பை அமுக்கி வைத்திருக்கும். 25 செ.மீ. நின்றால் கீழே 10 மீட்டர்.

இதே கணக்கு எதிர்ப்பக்கமும் வேலை செய்யும். ஆவி பம்பு வைத்து உறிஞ்சி மேல்மட்டத்தை 10 செ.மீ. இறக்கினால் கீழே உப்புநீர் 4 மீட்டர் ஏறி வரும். குடத்துக்குக் கொடுக்கிற மணல் பம்புக்குக் கொடுக்காது. கொட்டாங்கச்சியை அந்தக் கரையின் சரியான கருவி என்பேன். ஒரு குடம் 15 லிட்டர் என்றால் ஒரு ஒய்.பி. டெண்டருக்கு 900 குடத்துக்கு மேல் வேண்டும்.

ஆக, தொட்டி அங்கே நின்றதால் தண்ணீரும் அங்கேயே சுரந்தது என்று முடிவு கட்ட வேண்டாம்.

5 ஜூன், மாலை 5.20

சுருக்கமான பதில் இதுதான். நல்ல தண்ணீர் உள்ள இடத்தில் டெண்டரை நிரப்பிக்கொண்டு கரைக்கு வந்து, தண்ணீர் பிடிக்காமலே திரும்பிப் போகலாம். தூரம் அவ்வளவுதான். பாம்பனிலிருந்து தனுஷ்கோடி சுமார் 24 கி.மீ. பயணிகள் வண்டி இழுக்கும் மீட்டர் கேஜ் எஞ்சினுக்குக் கிலோமீட்டருக்கு 80 முதல் 100 லிட்டர் என்று தாராளமாகவே வைத்துக்கொள்ளுங்கள். போய்வர 48 கி.மீ., மொத்தம் 4,800 லிட்டர். டெண்டரில் மூன்றில் ஒரு பங்கு.

5 ஜூன், இரவு 11.00

மேலே போட்ட கணக்கில் இரண்டு ஓட்டை. நானே திருத்துகிறேன்.

முதலாவது, எஞ்சின் நிற்கும்போதும் தண்ணீர் குடிக்கும். வேக்குவம் (வெற்றிட) பிரேக்குக்காக, ஆவியால் காற்றை உறிஞ்சும் எஜெக்டர் ஓடிக்கொண்டே இருக்கும், சேஃப்டி வால்வு அவ்வப்போது தூக்கும், தண்டுகளைச் சுற்றிய அடைப்புகளில் கசியும். துறைமுக முனையில் வண்டி மணிக்கணக்கில் நிற்கும். இலங்கைக் கப்பல் தாமதமானால் ரயிலும் காத்துக் கிடக்க வேண்டும். இடையில் பெட்டிகளை மாற்றிக் கோக்கும் ஷண்டிங் வேறு. ஓடும் தூரத்தை மட்டும் வைத்து எஞ்சினின் தண்ணீர்க் கணக்கைப் போட்டது தப்பு.

இரண்டாவது, ஒய்.பி. 1949-க்குப் பிறகு வந்த எஞ்சின். பாம்பன் பாலம் திறந்தது 24 பிப்ரவரி 1914. அந்தக் காலத்து எஞ்சின்கள் சிறியவை, டெண்டரும் சிறியது. 1914-இல் கையிருப்பு இன்னும் இறுக்கமாகத்தான் இருந்திருக்கும்.

அதனால் முனையில் ஒரு தொட்டி வைத்திருப்பது நியாயம். உப்புக்கரை ஸ்டேஷன்களில் ரயில்வேக்கு இருக்கும் வழி மூன்று: தொலைவில் நல்ல கிணறு வெட்டிக் குழாய் போடுவது, தண்ணீர் வேகனை வண்டியோடு கோத்து அனுப்புவது, கூரை மழைநீரைப் பிடிப்பது. எந்த வழியில் வந்தாலும் கடைசியில் அதை உயரத்தில் ஏற்ற ஒரு தொட்டி வேண்டும்.

6 ஜூன், காலை 6.45

"உயரத்தில் எதற்கு? வாளியால் ஊற்றக்கூடாதா?" என்று ஒரு தம்பி கேட்டிருக்கிறார். டெண்டரின் வாய் தண்டவாளத்திலிருந்து ஏறக்குறைய 3 மீட்டர் உயரத்தில் இருக்கும். வழியிலுள்ள நிலையங்களில் மெயில் வண்டி ஐந்தாறு நிமிடத்துக்கு மேல் நிற்காது. அதற்குள் 13,600 லிட்டர் இறங்க வேண்டுமானால் நிமிடத்துக்கு 2,500 லிட்டர். 8 அங்குலக் குழாயில் விநாடிக்கு 1.3 மீட்டர் வேகத்தில் ஓடினால் இது கிடைத்துவிடும். ஆனால் டெண்டருக்குத் தண்ணீர் விடும் நிற்குழாயின் வளைந்த கழுத்தைத் தாண்டி அந்த வேகம் வர வேண்டுமென்றால் தொட்டியின் அடிமட்டம் டெண்டர் வாயைவிட நன்றாக மேலே இருக்க வேண்டும். தூண் கட்டித் தொட்டியைத் தூக்கி வைப்பது இதற்காகத்தான். பம்பு நாள் முழுக்க மெல்ல ஏற்றிக்கொண்டிருக்கும், எஞ்சின் ஐந்து நிமிடத்தில் உறிஞ்சிக்கொண்டு போய்விடும்.

6 ஜூன், மதியம் 1.30

கேஜ் கிளாஸ் பற்றிச் சொல்லாமல் தண்ணீர்ப் பேச்சை முடிக்கக்கூடாது. கரையோர எஞ்சினில் மிக ஆபத்தான கோளாறு அதில்தான் வரும்.

பாயிலருக்குள் தண்ணீர் எவ்வளவு நிற்கிறது என்று காட்டும் கண்ணாடிக் குழாய் அது. மேலே ஒரு காக் ஆவிக்கு, கீழே ஒரு காக் தண்ணீருக்கு, அதற்கும் கீழே வடிகால் காக். உப்பும் சுண்ணாம்பும் சேர்ந்தால் முதலில் அடைவது கீழ்க்காக்கின் சின்ன ஓட்டைதான். அடைத்துக்கொண்டால் கண்ணாடியில் நிற்கும் தண்ணீர் அப்படியே நிற்கும். பாயிலரில் தண்ணீர் இறங்கிக்கொண்டே போனாலும் கண்ணாடி "பாதி இருக்கிறது" என்று பொய் சொல்லும்.

சோதிக்கும் முறை: மேல்காக்கை மூடி வடிகாலைத் திற. தண்ணீர் பீய்ச்சி அடித்தால் கீழ்வழி சுத்தம். பிறகு கீழ்க்காக்கை மூடி மேல்காக்கைத் திற. ஆவி சீறினால் மேல்வழி சுத்தம். வடிகாலை மூடி மேல், கீழ் இரண்டு காக்குகளையும் திற. தண்ணீர் துள்ளிக்கொண்டு ஏறி ஆட வேண்டும். சோம்பலாக, எண்ணெய் மாதிரி ஏறினால் அந்தக் கண்ணாடியை நம்பக்கூடாது. நல்ல ஃபயர்மேன் கண்ணாடியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்ப்பதோடு விடமாட்டார், ஆடுகிறதா என்றும் பார்ப்பார்.

கண்ணாடி பொய் சொன்னால் நெருப்புப் பெட்டியின் கூரைத் தகடு தண்ணீருக்கு வெளியே வந்துவிடும். கடைசிக் காவலாக அந்தத் தகட்டில் ஈயத் திருகு வைத்திருப்பார்கள். ஈயம் 327 டிகிரியில் உருகும். உருகினால் ஆவி நெருப்பின் மேல் சீறி எச்சரிக்கும். உடனே நெருப்பை இறக்க வேண்டும். ஆனால் ஈயத் திருகின் மேலேயே பாறை படிந்திருந்தால் என்ன ஆகும்? ஈயம் உருகிய பிறகும் படிவம் மூடி மாதிரி நின்று ஆவியைத் தடுக்கலாம். ஆகவே வாஷ் அவுட்டின்போது திருகைக் கழற்றிச் சுரண்டிப் பார்ப்பது கட்டாயம்.

8 ஜூன், இரவு 9.10

பேச்சு கப்பலுக்குப் போய்விட்டது. இலங்கைக் கப்பலோடு இணைந்து ஓடிய ரயில்தான் போட் மெயில். "போட் மெயில் ரயிலே கப்பலில் ஏறுமா?" என்ற கேள்வி நாலைந்து பேரிடமிருந்து வந்திருக்கிறது. ஏறாது. ஏறினாலும் அந்தக் கரையில் ஓடாது. நம் பக்கம் மீட்டர் கேஜ், தண்டவாள இடைவெளி 1,000 மி.மீ. தலைமன்னாரில் இலங்கை ரயில்வேயின் அகலப்பாதை, 1,676 மி.மீ. பயணிகள் தனுஷ்கோடித் துறைமேடையில் இறங்கி, மூட்டை முடிச்சோடு கப்பல் ஏறி, தலைமன்னார் துறைமேடையில் வேறு ரயில் பிடித்துக் கொழும்பு போனார்கள். நடுவில் கடல் சுமார் 35 கி.மீ. ஆரம்பத்தில் கர்சன், எல்ஜின், ஹார்டிஞ்ச் என்று மூன்று கப்பல்கள், பின்னாளில் இர்வினும் கோஷனும்.

1914-க்கு முன்னால் போட் மெயில் தூத்துக்குடி வரைதான். அங்கிருந்து கொழும்புக்குக் கப்பலில் ஓர் இரவுப் பயணம். பாம்பன் பாலம் வந்த பிறகுதான் கடல் பயணம் இவ்வளவு சுருங்கியது. தேயிலைத் தோட்டத்துக்குப் போன ஆயிரக்கணக்கான குடும்பங்கள் மண்டபம் முகாமில் தடுத்து வைக்கப்பட்டு, உடல் சோதனை முடிந்து, இந்த வழியாகத்தான் போயின. எஞ்சினைப் பற்றிப் பேசும்போது அவர்களையும் நினைக்க வேண்டும். அந்த வண்டியின் பெரும்பாரம் அவர்கள்தான்.

9 ஜூன், காலை 8.00

பழைய பாம்பன் பாலத்தின் தூண் 143-ஆ, 145-ஆ என்று இங்கே சண்டை. சண்டைக்கு அவசியம் இல்லை. 40 அடிக் கர்டர் (இரும்பு உத்தரம்) உட்கார்ந்த கண்கள், அதாவது தாங்கிக்குத் தாங்கி உள்ள இடைவெளிகள், 145. நடுவில் தூக்குப் பாலத்தின் கண் ஒன்று. மொத்தம் 146 கண். 146 கண்ணுக்கு நடுவே 145 தாங்கிகள் வரும். தூக்குப் பாலத்தைத் தாங்கும் இரண்டைத் தனியாக எண்ணினால் மீதி 143. இரண்டு பேரும் எண்ணத் தெரிந்தவர்கள்தான்.

9 ஜூன், இரவு 10.25

பழைய பாலத்தின் நடுவிலிருந்த தூக்குப் பாலம் ஷெர்சர் வகை. சாதாரணத் தூக்குப் பாலம் கதவுக்கீல் மாதிரி ஓர் அச்சில் திரும்பும். இது அப்படியில்லை. இரண்டு பக்கமிருந்தும் நீளும் ஒவ்வொரு கையின் (பாலத்தின் பாதியின்) அடிப்பாகமும் சக்கரத்தின் ஒரு துண்டு மாதிரி வளைந்திருக்கும். கை மேலே எழும்போது அந்த வளைவு தண்டவாளத்தின் மேல் பின்னோக்கி உருளும். ஆடும் நாற்காலி பின்னால் சாய்வதை நினைத்துக்கொள்ளுங்கள். எழும்போதே கை பின்வாங்கியும் விடுவதால் கப்பலுக்கு முழு வழி கிடைக்கும். பின்முனையில் எடைக்கட்டு இருப்பதால் அவ்வளவு பெரிய இரும்பை ஆட்கள் நெம்புகோலைச் சுற்றியே தூக்கிவிடலாம். கடைசி வரை அப்படி ஆள் பலத்தால்தான் தூக்கினார்கள்.

இதில் கோளாறு வரும் இடம் உருளும் பாதை. உப்புக் காற்றில் அங்கே துரு ஏறினால், அல்லது ஒரு பக்கம் கொஞ்சம் தேய்ந்தால், இரண்டு கைகளும் நடுவில் சந்திக்கும் இடத்தில் தண்டவாள முனைகள் ஒரே மட்டத்தில் உட்காராது. உட்காராவிட்டால் பூட்டு விழாது, பூட்டு விழாவிட்டால் சிக்னல் கொடுக்க முடியாது. கப்பலை விட்டுப் பாலத்தை மூடியதும் வண்டி உடனே புறப்படாமல் நின்றால் காரணம் பெரும்பாலும் இந்தச் சில மில்லிமீட்டர்கள்தான்.

காற்றுக்கும் ஒரு காவல் இருந்தது. வேகம் மணிக்கு 58 கி.மீ. தாண்டினால் சிக்னல் தானாகச் சிவப்பாகிவிடும்.

10 ஜூன், காலை 7.30

நீராவி எஞ்சின் பாலத்தில் ஏறுமுன் ஆஷ் பேன் (நெருப்புப் பெட்டிக்குக் கீழே உள்ள சாம்பல் தட்டு) கதவு மூடியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கீழே மரச் சிலிப்பர் கட்டைகள். கனல் விழுந்தால் கட்டை உள்ளுக்குள் கனன்று, வண்டி போய் அரைமணி கழித்துத்தான் புகையும். நடுக்கடல் கர்டரின் மேல் அதை யார் போய் அணைப்பது?

12 ஜூன், மாலை 6.50

மணல். இதை முதலிலேயே எழுதியிருக்க வேண்டும். தனுஷ்கோடிப் பாதையின் தினசரி எதிரி புயல் இல்லை, மணல்தான். கச்சான் (தென்மேற்குக் காற்று) காலத்தில் ஆண்கடல் பக்கமிருந்து, அதாவது மன்னார் வளைகுடாவிலிருந்து, மணல் வரும். வாடை பிடித்தால் பெண்கடல், அதாவது பாக் நீரிணைப் பக்கமிருந்து வரும். ஆகவே தட்டியை ஒரு பக்கம் கட்டினால் போதாது, இரண்டு பக்கமும் வேண்டும். பனையோலைத் தட்டியைப் பாதையை ஒட்டி நடுவதும் தப்பு. காற்று தட்டியைத் தாண்டியதும் வேகம் இழந்து மணலைப் போடும். தட்டியின் உயரத்தைப் போலப் பத்து மடங்கு தூரம் வரை மணல் விழும். 1.5 மீட்டர் தட்டி என்றால் பாதையிலிருந்து குறைந்தது 15 மீட்டர் தள்ளி நட வேண்டும். ஒட்டி நட்டால் தட்டியே மணலைக் கொண்டுவந்து தண்டவாளத்தில் கொட்டும்.

பாதை பிரியும் பாயிண்ட்டில் மணல் புகுந்தால் நாக்குத் தண்டவாளம் பக்கத் தண்டவாளத்தோடு ஒட்டாது. பூட்டு இறங்காது. இறங்கிய மாதிரி தெரிந்து இடைவெளி இருந்தால் சக்கரத்தின் விளிம்பு நாக்கின் முனையில் ஏறி வண்டி தடம் புரளும். மற்ற ஊர்களில் பாயிண்ட்டின் சறுக்குத் தகட்டுக்கு எண்ணெய் விடுவார்கள். மணற்கரையில் எண்ணெய் விட்டால் மணல் ஒட்டிக் களிம்பாகிவிடும். அங்கே உலர்ந்த கிராஃபைட்தான் சரி. தினமும் ஈர்க்குமாற்றால் கூட்டுவதும் ஒரு வேலை.

அச்சுப் பெட்டியிலும் அதே தொல்லை. அந்தக் காலப் பெட்டிகளில் பேரிங் என்பது வெண்கலத் தகடு, அடியில் எண்ணெயில் ஊறிய பஞ்சு வேஸ்ட். மூடி சரியாக மூடாவிட்டால் மணல் உள்ளே போய், வேஸ்ட்டே உப்புத்தாள் மாதிரி அச்சைத் தேய்க்கும். சூடேறி, புகைந்து, விட்டால் அச்சே முறியும். கார்டு ஒவ்வொரு நிலையத்திலும் இறங்கிப் புறங்கையால் பெட்டி மூடிகளைத் தொட்டுக்கொண்டே நடப்பது இதற்காக.

13 ஜூன், காலை 7.15

"எஞ்சினே மணல் பெட்டி வைத்துக்கொண்டு ஓடுகிறதே, அப்புறம் மணல் எப்படி எதிரி?" நல்ல கேள்வி. சக்கரம் வழுக்கும்போது முன்னால் தூவ எஞ்சின் வைத்திருப்பது சலித்து அடுப்பில் காயவைத்த மணல். உப்பு ஈரம் பட்ட கடற்கரை மணலைப் போட்டால் குழாயிலேயே இறுகிக் கட்டியாகிவிடும். கரை நிறைய மணல் கிடந்தாலும் எஞ்சினுக்கு ஆற்று மணல்தான் வேண்டும்.

15 ஜூன், இரவு 9.00

எஞ்சினை எப்படித் திருப்புவார்கள் என்று கேட்டவருக்கு. ஒய்.பி. டெண்டரோடு சேர்த்துச் சுமார் 19 மீட்டர் நீளம். அதற்கேற்ற டர்ன் டேபிள் (எஞ்சினை நிறுத்திச் சுழற்றும் மேசை) வேண்டும். பெரிய மேசை இருந்தாலும் எஞ்சினைச் சரியாக எடைபார்த்து நிறுத்த வேண்டும். எடையின் மையம் நடு அச்சின் மேல் வந்தால் இரண்டு ஆள் தள்ளித் திருப்பிவிடலாம். அரை மீட்டர் தள்ளி நின்றால் பத்து ஆள் தள்ளினாலும் அசையாது. இங்கேயும் தண்ணீர்தான் வில்லன். டெண்டர் நிறைந்திருக்கும்போது மையம் பின்னால் போகும், காலியானால் முன்னால் வரும். ஆகவே நேற்று நிறுத்திய இடத்தில் இன்றும் நிறுத்தினால் போதும் என்ற கணக்கு செல்லாது. தண்ணீர் பிடிப்பதற்கு முன் திருப்புகிறோமா, பின் திருப்புகிறோமா என்பதை வைத்து எஞ்சினைக் கொஞ்சம் முன்னே பின்னே நகர்த்த வேண்டும்.

திருப்ப வசதி இல்லாவிட்டால் டெண்டர் முன்னால் போக ஓட்டுவார்கள். நிலக்கரித் தூசி முழுக்க டிரைவர் முகத்தில் அடிக்கும், பாதையும் சரியாகத் தெரியாது. ஆகவே வேகம் குறைத்துத்தான் ஓட்டலாம்.

18 ஜூன், இரவு 10.40

1964 புயல் பற்றி எழுதச் சொல்லி நிறையப் பேர் கேட்டார்கள். நடந்ததை எல்லோரும் அறிவார்கள். டிசம்பர் 22 இரவு 11.55-க்குப் பாம்பனில் புறப்பட்ட 653 பாசஞ்சர், தனுஷ்கோடிக்கு அருகே கடலால் அடித்துச் செல்லப்பட்டது. ரயில்வே கணக்கில் பயணிகள் 110, ஊழியர்கள் 5. யாரும் பிழைக்கவில்லை.

"பின்னோக்கி ஓட்டியிருக்கலாமே" என்று சுலபமாக எழுதுகிறார்கள். அதற்கு மட்டும் பதில் சொல்கிறேன். இது எந்த நீராவி எஞ்சினுக்கும் பொருந்தும். நெருப்புப் பெட்டிக்குக் காற்று ஆஷ் பேன் வழியாகக் கீழிருந்து போகிறது. வெள்ளம் அந்த மட்டத்துக்கு ஏறினால் காற்று அடைபடும், நெருப்பு அணையும். நெருப்பு போனால் ஆவி இறங்கும். வேக்குவம் பிரேக் ஆவியால்தான் விடுபட்டு நிற்கிறது. எஜெக்டர் 21 அங்குல வெற்றிடத்தைப் பிடித்து வைத்திருக்கும்வரைதான் சக்கரம் சுதந்திரமாக உருளும். ஆவி போனாலும், குழாய் எங்காவது பிய்ந்தாலும், எல்லாப் பெட்டிகளிலும் பிரேக் தானாக இறுகிவிடும். விபத்திலிருந்து காப்பதற்கென்று செய்த ஏற்பாடு அது. தண்ணீர் சூழ்ந்துவிட்ட வண்டியை அதுவே அசையாமல் பிடித்து வைத்துவிடும். அந்த டிரைவரைக் குறை சொல்லும் வரிகளை எழுதியவர்கள் தயவுசெய்து எடுத்துவிடுங்கள்.

19 ஜூன், காலை 6.30

அதே புயலில் பாம்பன் பாலத்தில் 145 கர்டரில் 126 போயிற்று. தூக்குப் பாலம் நின்றது. சீரமைக்க ஆறு மாதம் என்றார்கள், பிறகு மூன்று மாதம் என்றார்கள். பொறுப்பேற்ற பொறியாளர் இ. ஸ்ரீதரன் 46 நாளில் முடித்தார். புதுக் கர்டருக்குக் காத்திருக்காமல், மீனவர்கள் காட்டிய இடங்களில் கடலுக்கடியில் கிடந்த பழைய கர்டர்களையே எடுத்து மறுபடி ஏற்றியதுதான் முக்கியக் காரணம். பாலம் மீண்டது, தனுஷ்கோடிப் பாதை மீளவில்லை. அதுவரை முதன்மைப் பாதை தனுஷ்கோடிக்கு, பாம்பனில் பிரியும் கிளைதான் ராமேஸ்வரத்துக்கு. அதன் பிறகு கிளையே கடைசி நிலையமாகிவிட்டது.

23 ஜூன், இரவு 8.15

தரங்கம்பாடி, நாகப்பட்டினம் பற்றியும் கேட்டீர்கள். நாகையில் 1861-இலேயே ரயில் வந்துவிட்டது, முதலில் அகலப்பாதை. 1875-இல் மீட்டர் கேஜாக மாற்றினார்கள். பட்டறையும் அங்கேதான் இருந்தது, பிறகு திருச்சி பொன்மலைக்குப் போய்விட்டது. மயிலாடுதுறை-தரங்கம்பாடி பாதை 1926 முதல் 1986 வரை, சுமார் 30 கி.மீ. அந்தப் பக்கம் காவிரிப் படுகை, ஆற்றுத் தண்ணீர் பக்கத்திலேயே. தனுஷ்கோடியின் தண்ணீர்த் தொல்லையை அங்கே பொருத்திப் பார்க்க வேண்டாம்.

29 ஜூன், மாலை 5.45

முதல் கேள்வி கேட்டவர் அடுத்த மாதம் மறுபடி தனுஷ்கோடி போகிறாராம். தூண்களைப் பார்க்கும்போது உச்சியை விட்டுவிட்டு அடியைப் பாருங்கள். தூண்களின் நடுவே தொட்டியிலிருந்து இறங்கும் பெருங்குழாய்க்கு விட்ட இடம், அதிலிருந்து பழைய பாதைப் பக்கம் போகும் வாய்க்கால் மாதிரியான பள்ளம், தரையில் வார்ப்பிரும்புக் குழாயின் விளிம்பு, இவற்றில் எது கண்ணில் பட்டாலும் அது வண்டிக்குத் தண்ணீர் கொடுத்த தொட்டி என்பதற்குச் சாட்சி. தூண் மட்டும் இருந்தால் ஊர் குடிநீர்த் தொட்டியாகவும் இருக்கலாம். சுண்ணாம்புக் காரை கையால் தொட்டாலே உதிர்கிற நிலையில் இருக்கிறது. ஏற வேண்டாம், பேர் எழுத வேண்டாம். அளவு எடுக்க டேப் கொண்டுபோங்கள், தூணுக்குத் தூண் இடைவெளி கிடைத்தால் தொட்டியின் கொள்ளளவைக் கணக்குப் போட்டுவிடலாம்.